வளர்ச்சி இல்லை

லேப் இன்குபேட்டரைத் திறந்ததும் பிரேம்நாத்தின் முகத்தில் மோதியது வாசனைதான். சூடான, ஈரமான, முட்டை கெட்டுப்போன வாசனை. நேற்று வெறுமையாக இருந்த, 'வளர்ச்சி இல்லை' என்று அவனே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கிருமி வளர்ப்புத் தட்டில் இன்று சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் திருஷ்டிப்பொட்டு போல் ஒரு கறுப்பு.

தட்டின் மேல் பெயர்: பாண்டியன், சமையல். டைபாய்டு வந்து மருந்து முடித்தவர். உள்ளே கிருமி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இன்று கருட சேவைத் திருவிழாவுக்கு அரை நாள் லீவு வேண்டுமென்று ஒரே நாளில், நேற்றே முடித்துவிட்டான்.

இதில் கேவலம், கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பேசித்தான் அவன் முதல் பரிசு வாங்கினான். கிருமி தனக்குள்ளேயே ஒரு விஷமும் அதை முறிக்க ஒரு மாற்றும் வைத்திருக்கிறது. நெருக்கடி வந்தால் மாற்று சீக்கிரம் அழிந்துவிடும், விஷம் நிற்கும், கிருமி செத்ததுபோல் உறங்கும். மருந்து விழித்திருப்பதைத்தான் கொல்லும். மருந்து நின்றதும் மாற்று மறுபடி சுரக்கும். உறங்கியது எழும். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.

வீதியெல்லாம் வெயிலும் நாதஸ்வரமும் கற்பூரமும். அவன் மூக்கில் முட்டை வாசனை மட்டும். 'அண்ணே, ரிப்போர்ட் தப்பு.' மூன்றே வார்த்தை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே பாண்டியன் மோர் ஊற்றும் நீர்மோர் பந்தலுக்கு வந்தான்.

"வாப்பா ரிப்போர்ட்டு," என்றார் பாண்டியன். "இவுருதான் எனக்கு எழுதிக் குடுத்தவரு. இல்லாங்காட்டி என்னை இங்க நிக்க உட்டிருப்பாங்களா?"

வரிசை மொத்தமும் திரும்பியது. ஒரு அம்மாள் கும்பிட்டாள்.

"அண்ணே, அந்த ரிப்போர்ட்டு..."

"இன்னாபா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உடம்பு எப்படி இருக்குதுன்னு கேக்க வந்தேன்."

"கல்லு மாதிரி இருக்கேன்."

அண்டாவில் கரண்டி விழுந்துவிட்டது. பாண்டியன் கையை விட்டார். மணிக்கட்டு வரை. துழாவினார். எடுத்தார். ஒரு டம்ளர் நிரப்பி நீட்டினார்.

பிரேம்நாத் குடித்தான்.

உப்பு சரியாக இருந்தது.

பின்னால் நின்றவள் இடுப்புக் குழந்தையைச் சரித்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். அவன் நகர்ந்து வழிவிட்டான்.