கடலைக்காரம்மா அழைக்கிறார்

செங்கம் சாலையிலிருந்து கார் கிரிவலப் பாதைக்குள் திரும்பியபோது மதிய வெயில் கொஞ்சம்கூடத் தணியவில்லை. பௌர்ணமி இல்லாததால் பாதை காலியாகக் கிடந்தது. மாறன் ஓட்டினான். பக்கத்தில் மூர்த்தி, பின்னால் அவர் மனைவி ரேணுகாம்பாளும் மகள் கீர்த்தனாவும். மாறனை மாப்பிள்ளை பார்க்கச் சென்னையிலிருந்து வந்தவர்கள். ரேணுகாம்பாளுக்கு முட்டி வலி. அதனால் காரிலேயே மலையைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் கோயிலில் வைத்துத் தேதி குறிப்பதாகப் பேச்சு.

ப்ளூடூத்தில் சிவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க அம்மா இருந்து இதையெல்லாம் பாத்திருக்கணும்பா," என்றார் மூர்த்தி.

"ஆமாங்க அங்கிள்."

அம்மா செத்துப் பல வருஷமாகிறது என்று மாறன் கீர்த்தனாவிடம் சொல்லி வைத்திருந்தான். ஆனால் கன்னியம்மாள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜராக, கசங்காத சட்டையில் வலம் வரும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனில்கூட அவளை அம்மா என்று போட்டு வைக்கவில்லை.

பாட்டு சட்டென்று நின்றது. திரையில் எழுத்து வந்தது: கடலைக்காரம்மா அழைக்கிறார்.

துண்டிக்கத்தான் கையை நீட்டினான். பதற்றத்தில் விரல் பச்சையில் பட்டுவிட்டது.

"மாறா... அம்மாடா." நாலு ஸ்பீக்கரிலும் அவள் குரல். "இங்க ஒரே இருட்டா கீதுடா. வந்து என்னைக் கூட்டிகினு போடா."

வெளியே தார் ரோடு பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது.

"ராங் நம்பருங்க," என்று துண்டித்தான். யாரும் கேட்காமலேயே விளக்கமும் சொன்னான். "கெஸ்ட் ஹவுஸுக்குக் கடலை கொண்டாந்து போடற அம்மா, அங்கிள். அவங்க புள்ள பேரும் மாறன்தான். வயசாயிடுச்சி, மாத்தி மாத்திப் போட்டுடறாங்க."

"பாவம்," என்றாள் ரேணுகாம்பாள்.

அந்த ஒரு சொல்லுக்கு மாறனின் காது மடல் சுட்டது. இப்படிக்கூட ஒருவன் பேசுவானா என்று அவனுக்கே கூசியது. ஆனாலும் பாட்டைத் தட்டிவிட்டான்.

பாட்டு வரவில்லை.

திரையில் பாட்டின் பெயர் இருந்தது. அடியில் கோடு நகர்ந்துகொண்டும் இருந்தது. சத்தம்தான் இல்லை.

"வால்யூம் கம்மியா இருக்கும், பாருப்பா," என்றார் மூர்த்தி. கடைசிவரை திருகிப் பார்த்தான். ரேடியோ போட்டால் காரே அதிர்ந்தது. ப்ளூடூத்துக்கு மாற்றினால் ஊமை. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, போனிலிருந்து காரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தான். போனை அணைத்துப் போட்டான். கீர்த்தனா தன் போனை இணைத்துப் பார்த்தாள். அதிலும் கோடு நகர்ந்தது, பாட்டு வரவில்லை.

"புது வண்டி, அதுக்குள்ள மாப்ளகிட்ட கோச்சிக்கிச்சா?" என்று சிரித்தார் மூர்த்தி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. உப்புப் போட்டு வேகவைத்த கடலையின் ஈர வாசனை.

"யாராச்சும் கடலை வாங்கினீங்களா?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

யாரும் வாங்கவில்லை.

ஸ்பீக்கருக்குள் ஏதோ கேட்டது. மாறன் குனிந்தான்.

மூச்சு.

யாரோ பேச்சு வருமென்று காத்திருப்பது மாதிரி, மெல்ல இழுத்து விடுகிற மூச்சு.

மாறன் ப்ளூடூத்தையே அணைத்தான். அணைத்த கையோடு போன் அடித்தது. மறுபடியும் கடலைக்காரம்மா. எடுத்துக் காதில் வைத்தான். ஆண் குரல்.

"மாறா, நான் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ரஹமத். அம்மா காலையில கூடையை எறக்கி வெச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்கப்பா. போயிட்டாங்க. உன் நம்பர் யாருகிட்டயும் இல்ல. அவங்க போனு சார்ஜ் எறங்கி செத்துக் கெடந்துச்சி, இப்பதான் உயிர் வந்துது."

"பாய்... இப்பதானே இதுலேருந்து..." என்றான் மாறன்.

"இதுலேருந்தா? நான் போடறதுதான்பா மொத போன். கொள்ளி வைக்க நீ வரணும். காத்துகினு இருக்கோம்."

"யாருப்பா? முகமே வெளுத்துடுச்சே?" என்றார் மூர்த்தி.

சொல்லிவிட அது ஒரு சந்தர்ப்பம். மாறன் கண்ணாடியில் கீர்த்தனாவின் முகத்தைப் பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

"அந்தக் கடலைக்காரம்மாதான். தவறிட்டாங்களாம்."

ஸ்பீக்கர் கரகரத்தது.

ப்ளூடூத் அணைந்திருந்தது. திரை கருப்பாக இருந்தது.

"மன்னிச்சிக்கோங்க தம்பி." எல்லோருக்கும் கேட்டது. "எம்புள்ளனு நெனச்சி உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்."

கீர்த்தனா அலறிக்கொண்டு கதவைத் திறந்தாள். மாறன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக் கதறினான். "அம்மா! நான்தாம்மா, உன் மாறன்! எங்கம்மாதான் அங்கிள், அவங்க எங்கம்மா!"

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் தேதி குறிக்கவில்லை. மூர்த்தி ஒரு ஆட்டோ பிடித்துக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனார். கீர்த்தனா திரும்பிப் பார்க்கவில்லை. மாறன் தனியாகக் கீழ்பென்னாத்தூர் போய்க் கொள்ளி வைத்தான்.

கடலைக்காரம்மா என்ற பெயரை அழித்து, அம்மா என்று மாற்றிவிட்டான். அந்த எண்ணிலிருந்து அழைக்க இனி யாரும் இல்லை. காரில் இன்றும் எந்தப் போனை இணைத்தாலும் கோடு நகரும், பாட்டு வராது. வால்யூமைக் கூட்டினால் கடலை வாசனை வரும். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அவன் தினமும் ஒருமுறை பேசிப் பார்க்கிறான்.

"அம்மா, மாறன் பேசறேம்மா."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு அந்தக் குரல், வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்கும்:

"யாருங்க நீங்க?"