டூலி ஏன் உட்கார்ந்தது?

சனிக்கிழமை காலையில் மைனஸ் முப்பத்தொன்று டிகிரி குளிர். அதனால் கார்வின் என்ற அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் பனிச்சறுக்கு அரங்கத்தின் கேன்டீனில் இருந்தார்கள். அங்கேதான் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும்.

மார்னி சறுக்குக் காலணிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சூடான சாக்லேட்டை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. பெரியவர்கள் பேசுவதைக் கேட்காத மாதிரி கேட்பதில் கெட்டிக்காரி.

"லைல் வேணாம்னு சொல்லிட்டாராம்," என்றார் கேன்டீன் நடத்தும் போனி.

"எதை?" என்று கேட்டார் ரஸ். அரங்கத்தில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுபவர் அவர்.

"ஆபரேஷனை. நேத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு. யாரோ வரலையாம், வர்ற வியாழக்கிழமை ஒரு இடம் காலியா இருக்காம். இவரு வேற யாருக்காவது குடுங்கன்னுட்டாரு."

ரஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "பதினாலு மாசம் காத்திருந்துட்டா? இதைத்தான் நான் எப்பவும் சொல்றேன். நம்ம நாட்டுல வைத்தியம் இலவசம். ஆனா வரிசை நகர்றதுக்குள்ள ஆளுக்குப் பாதி உசுரு போயிடுது. காசு குடுத்தா சீக்கிரம் பண்ணிக்கற மாதிரி ஒரு வழி வேணும்."

"காசு இருக்கறவன் முன்னாடி போவான், இல்லாதவன் இன்னும் பின்னாடி போவான். அப்ப நம்ம லைல் எங்க நிப்பாரு?" என்றார் போனி. "எங்கண்ணன் எல்லையைத் தாண்டிப் போய் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தான். அதுக்குப் படகை வித்தான். இப்ப முட்டி அருமையா இருக்கு. ஏறத்தான் படகு இல்ல."

பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர்கள் போதவில்லை என்றார் ஒருவர். இருக்கிற டாக்டர்கள் எல்லாம் நகரத்துக்கே போகிறார்கள் என்றார் இன்னொருவர். வறுத்த உருளைக்கிழங்கு ஆறிப் போகும் வரை பேச்சு நடந்தது.

"அவரு ஏன் வேணாம்னாரு?" என்று மார்னி கேட்டாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பயமா இருக்கும்," என்றார் ரஸ். "கத்தின்னா யாருக்குத்தான் பயமில்ல?"

மார்னி நம்பவில்லை. லைல் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மார்னி முதல் வகுப்பில் இருந்தபோது, ஒரு பனிப்புயலில் பேருந்து சறுக்கி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உதவி வரும்வரை பத்தொன்பது பிள்ளைகளுக்கும் விடுகதை போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்படிப்பட்டவருக்கா பயம்?

அவருடைய இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் இப்போது பேருந்து ஓட்டுவதில்லை. மார்னி வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தார். ஊரில் பெரியவர்கள், குழந்தைகள் எல்லாருமே அவரை லைல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மார்னி அவர் கதவைத் தட்டினாள். கதவு திறக்க வெகு நேரமானது. லைல் சுவரைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில், துவைத்துக் காயப்போட்ட கம்பளி மாதிரி முடியோடு அவருடைய நாய் டூலி எட்டிப் பார்த்தது.

"ஆபரேஷன் ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"ஊர் முழுக்கத் தெரிஞ்சிருச்சா?"

"கேன்டீன் வரைக்கும் தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஊர் முழுக்கத்தான்," என்று சொல்லிவிட்டு லைல் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். டூலி அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"மூணு நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். அப்புறம் ஆறு வாரம் ஐஸ் மேல காலே வைக்கக் கூடாது. அதுவரைக்கும் இவனை யாரு வெளிய கூட்டிட்டுப் போவா?"

"யாராவது போவாங்க."

"போனாங்களே. கோடையில டெஸ்ட்டுக்குன்னு ஒரு நாள் நான் நகரத்துக்குப் போனேன். ரஸ் இவனைக் கூட்டிட்டுக் கிளம்பினான். மூணு வீடு தாண்டி உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்ல. ரஸ் இவனைத் தூக்கிட்டு வந்தான். ஒரு வாரம் முதுகுவலின்னு படுத்துட்டான்."

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. லைல் சிரிக்கவில்லை.

"மறுநாள் நான் வர்ற வரைக்கும் இவன் சாப்பிடல. ஒண்ணுக்குக்கூடப் போகாம அடக்கிட்டே இருந்திருக்கான். காய்ச்சல் வந்து பத்து நாள் மருந்து குடுத்தோம். இவனை யாரோ நெடுஞ்சாலை ஓரத்துல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க மார்னி. அங்கதான் நான் இவனைப் பார்த்தேன். நானும் அதே மாதிரி விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சிருப்பான்."

டூலியின் காதை அவர் விரலால் நீவிக்கொடுத்தார்.

"நான் கூட்டிட்டுப் போய்ப் பாக்கட்டுமா?" என்று மார்னி கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கா?"

"திங்கக்கிழமை மதியம் வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்காங்க அந்த நர்ஸம்மா. அப்பவும் வேணாம்னா, என் பேரு வரிசையில கடைசிக்குப் போயிடும்." லைல் கயிற்றை எடுத்து நீட்டினார். "ஆசையா இருந்தா பாரு. தூக்க மட்டும் தூக்காதே."

டூலி அவளோடு வெளியே வந்தது. ஒரு வீடு தாண்டியது, இரண்டு வீடு தாண்டியது. மூன்றாவது வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டது.

"வா டூலி." அது வரவில்லை.

"நல்ல பையன் இல்ல? வா." அதற்கும் வரவில்லை.

மார்னி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். காலணி வழுக்கி, சரிந்து, பனிக்குவியலுக்குள் இடுப்புவரை போய்விட்டாள். டூலி அவளை வருத்தத்தோடு பார்த்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பனி தள்ளும் வண்டி கடகடவென்று வந்து நின்றது. ஓட்டியது அவளுடைய அம்மா. ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"யாரு யாரை நடக்கக் கூட்டிட்டுப் போறீங்க?"

"அம்மா, சிரிக்காதே."

"நான் எங்க சிரிச்சேன்? வாயில பனி இருக்கு, துப்பு முதல்ல," என்றாள் அம்மா. அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. மார்னி ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லைலும் டூலியும் தெருவில் இறங்குவது தெரிந்தது. லைல் ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் கயிறுமாக நடந்தார்.

ஒரு வீடு. இரண்டு வீடு. மூன்றாவது வீட்டுக்கு எதிரே டூலி உட்கார்ந்தது.

மார்னி ரொட்டியைக் கீழே வைத்தாள்.

டூலி உட்கார்ந்த பிறகு, லைல் இரண்டடி எடுத்து வைத்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு டூலியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி ஏதோ சொன்னார். டூலி எழுந்தது. அடுத்து தபால் பெட்டி அருகே. அடுத்து தேவாலய வேலி. தெருமுனை போவதற்குள் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் டூலிதான் முதலில் உட்கார்ந்தது.

மார்னி ஒரு கையுறை மட்டும் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"லைல், யாரு முதல்ல நிக்கறது? நீங்களா, டூலியா?"

"இவன்தான். வயசாகுதில்ல, களைச்சுப் போயிடறான். இவனுக்காக நானும் நின்னு நின்னு போறேன்."

"இல்ல. அவன் களைச்சுப் போகல." மார்னிக்கு மூச்சு வாங்கியது. "உங்களுக்கு எங்கெங்க வலிக்கும்னு அவனுக்குத் தெரியும். வலி வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடறான். நேத்து என்னோட வந்தப்பவும் அதே கம்பத்துலதான் உட்கார்ந்தான். நான்தான் நிக்காம இழுத்தேன்."

லைல் டூலியைப் பார்த்தார். டூலி அவரைப் பார்த்தது.

"நான் இவனுக்காக நிக்கறேன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்," என்றார்.

"கம்பத்துக்கிட்ட நின்னு அவன்கிட்ட என்ன சொல்வீங்க?"

லைலுக்குக் கூச்சமாகிவிட்டது. "பெருசா ஒண்ணுமில்ல. 'நல்லாத்தான் இருக்கேன், போலாம்'னு சொல்வேன்."

"நிஜமாவே நல்லா இருப்பீங்களா?"

"பொய்தான்," என்றார் லைல்.

லைல் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும் மார்னி கயிற்றுக்காகக் கையை நீட்டினாள்.

இந்த முறை அவள் மெதுவாக நடந்தாள். விளக்குக் கம்பத்தருகே டூலி உட்கார்ந்தது. மார்னி இழுக்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். இருபது வரை எண்ணினாள். பிறகு டூலியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "நல்லாத்தான் இருக்கேன், போலாம்," என்றாள்.

டூலி அவளை மேலும் கீழும் பார்த்தது. அவள் காலணியை முகர்ந்து பார்த்தது. பிறகு எழுந்து நடந்தது.

தெருவை முழுதாகச் சுற்றி வந்தார்கள். நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றார்கள். தேவாலய வேலிக்குப் பின்னால் டூலி தன் வேலையையும் முடித்துக்கொண்டது. அவர்கள் திரும்பி வந்தபோது லைல் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் புருவத்தில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் முன் மார்னி டூலியை இன்னொரு முறை நடத்திக்கொண்டு வந்தாள். அதன் பிறகுதான் லைல் போனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பதினெட்டு நிமிடம் பாட்டு ஓடியது.

"போன்லயும் வரிசைதான்," என்றார் லைல்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம்மா, லைல்தான் பேசறேன். வியாழக்கிழமை அந்த இடம் இன்னும் இருக்கா?" மறுமுனையில் சொன்னதைக் கேட்டார். மார்னியைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று மார்னி பள்ளிக்கு நேரம் கழித்துத்தான் போனாள்.

புதன்கிழமை மதியம் கண் தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. ரஸ் தன் வண்டியில் லைலைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். மார்னியின் அம்மா பனி தள்ளும் வண்டியோடு முன்னால் போய், நெடுஞ்சாலை வரை வழி ஒதுக்கிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரப் பயணம். ரஸ் வழி முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே ஓட்டினார் என்று லைல் பிறகு சொன்னார்.

வண்டியின் சிவப்பு விளக்கு மறையும் வரை டூலி மார்னியின் பக்கத்தில் நின்று பார்த்தது. மார்னியின் வீட்டுக்கு வந்ததும் அது கதவுக்கு நேராகப் படுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் அது சாப்பிடவில்லை. மார்னி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அதன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தட்டில் உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த பெரோகி கொழுக்கட்டைகள். ஒன்றைச் சாப்பிட்டாள். இரண்டைச் சாப்பிட்டாள்.

"அவரு உன்னை விட்டுட்டுப் போகல. சரி ஆகி வர்றதுக்குப் போயிருக்காரு," என்றாள்.

டூலி எழுந்து வந்தது. தன் கிண்ணத்தை முகர்ந்தது. பிறகு மார்னியின் தட்டிலிருந்த நான்கு பெரோகிகளையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது.

"அம்மா, டூலி சாப்பிட்டுட்டான்," என்று கத்தினாள் மார்னி.

"உனக்கு ஏதாவது மிச்சம் வச்சானா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லைல் திரும்பி வந்தார். பிடித்து நடக்க நான்கு கால் வைத்த வாக்கர் ஒன்று அவர் கையில் இருந்தது. டூலி அவரைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனைக்கு மூன்று தும்மல் போட்டது. பிறகு அவர் உள்ளங்கைக்குள் மூக்கை வைத்துக்கொண்டது. அப்படியே நின்றது. லைலும் அப்படியே நின்றார். ரஸ் வண்டியிலிருந்து பையை எடுக்கப் போவது போலத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆறு வாரமும், தினம் இரண்டு முறை, மார்னி டூலியைக் கூட்டிக்கொண்டு போனாள். பேருந்து ஓடாத மைனஸ் நாற்பது நாளிலும் போனாள். அன்று மட்டும் டூலி எல்லா இடத்திலும் அரை நொடிதான் உட்கார்ந்தது.

பிறகு தெருவில் ஐஸ் உருக ஆரம்பித்தது. சாக்கடை ஓரங்களில் தண்ணீர் ஓடியது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது லைல் வாசலில் நின்றிருந்தார். வாக்கர் இல்லை, ஊன்றுகோலும் இல்லை.

"டாக்டர் நடக்கலாம்னுட்டாரு. நீயும் வர்றியா?" என்றார்.

மூவரும் கிளம்பினார்கள். மூன்றாவது வீட்டுக்கு எதிரே டூலி உட்கார்ந்தது. லைல் நிற்கவில்லை. வலி வருகிறதா என்று பார்க்கிறவர் போல ஒவ்வோர் அடியாக வைத்து, கம்பத்தைத் தாண்டினார். தபால் பெட்டியைத் தாண்டினார். தேவாலய வேலி வரை போய்த்தான் திரும்பினார். அவர் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது.

"டூலி," என்று கூப்பிட்டார்.

டூலி தலையைச் சாய்த்து, அவ்வளவு தூரத்தில் நிற்கும் அவரைப் பார்த்தது. மார்னியைப் பார்த்தது. மார்னி கயிற்றைக் கழற்றிவிட்டாள்.

டூலிக்கு ஓடவும் தெரியும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.