சனிக்கிழமை அழைப்பு

ஏழாம் எண் குரல் மொத்தம் பதினொரு விநாடி. ரஞ்சிதாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அது அவள் புருஷன் எழிலின் குரல். "கதவ தாப்பா போடாத. வந்துகினே கீறேன்." நாலு வருஷத்துக்கு முன், கரை தெரிகிற தூரத்திலிருந்து போனில் அனுப்பியது. அன்றைக்குப் படகு கவிழ்ந்தது. கூடப் போன மூன்று பேரின் உடலும் ஒதுங்கியது, எழில் மட்டும் ஒதுங்கவில்லை.

இன்று அந்தக் குரல் பதினொரு விநாடியில் நிற்கவில்லை.

மாமல்லபுரம் தாண்டிக் கடலை ஒட்டியிருந்த அந்த ஓவியக்கூடத்தில் ஹெட்செட் கொடுத்து வாங்குவதுதான் அவள் வேலை. படங்களுக்கு எதிரே நின்று எண்ணை அழுத்தினால் விளக்கம் கேட்கும். ஏழாம் படத்துக்கு மட்டும் விளக்கத்துக்குப் பதில் எழிலின் குரல். படம் பார்க்க வருகிறவர்களைவிடக் காபி குடிக்கவும், கோப்பையும் துணிப்பையும் வாங்கவும், கல்யாண ஜோடியை நிறுத்திப் போட்டோ எடுக்கவும் வருகிறவர்கள் அதிகம். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு ஹெட்செட்டாகத் துடைத்து, ஏழாம் எண்ணை அழுத்தி ஒரு தடவை கேட்டுவிட்டு அடுக்குவது அவள் பழக்கம். குரல் முடிந்த பிறகு இன்று ஒரு மூச்சு கேட்டது. தண்ணீருக்குள் ஸ்ட்ரா வைத்து ஊதினால் வருகிற மாதிரி, குபுகுபுவென்று, நிதானமாக. பிறகு மிகத் தெளிவாக, "யாரு?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். வேறொன்றை எடுத்து அழுத்தினாள். அதிலும் மூச்சு. "யாரு கூப்டது?"

காயத்ரி மேடம் ஏதாவது ஒட்டிச் சேர்த்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கூடத்தை நடத்துகிறவள் காயத்ரிதான். ஆனால் எழில் இப்படி எங்கேயும் பேசிப் பதிவாகவில்லையே. எதை எடுத்து ஒட்டுவாள்?

ரஞ்சிதாவுக்குச் சனிக்கிழமை வார விடுமுறை. சனிக்கிழமைகளில் ஹெட்செட் பார்த்துக்கொள்கிற சுவேதாவுக்குக் காய்ச்சல் என்றதால்தான் இன்று வந்தாள். ஐந்தரை மணிக்கு நாற்பது பேர் டிக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். "இது இன்னா கூட்டம்?" என்று காவலாளி திருவேங்கடத்தைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? கடலைக் கூப்பிடற ப்ரோக்ராம். ஆறு வாரமா நடக்குது. பின்னால கடல் பாத்த கதவத் தொறந்து வுட்டு, எல்லாரும் உன் வூட்டுக்காரர் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அத ரெக்கார்ட் பண்ணி அவங்க போனுக்கே அனுப்பறாங்க."

துடைத்துக்கொண்டிருந்த ஹெட்செட்டோடு அவள் பின்பக்கம் ஓடினாள்.

கடப்பாக்கத்தில் அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது: கடலில் போய் உடல் கிடைக்காதவனை, கருமாதி முடிகிற வரை கடலைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வருவான். கூப்பிட்டவரிடம்தான் வருவான். கருமாதிக்கு அவள் இன்னும் மனசு வைக்கவில்லை, என்றைக்காவது உயிரோடு வருவான் என்ற நப்பாசை. நாலு வருஷமாகக் கரையில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டாளே தவிர, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இதெல்லாம் காயத்ரிக்குத் தெரியும். மீன்வளத்துறை ஆபீசுக்குத் தன் காரில் மூன்று தடவை கூட்டிப்போனவள், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள், குரலைக் கேட்டு வாங்கியபோது "பேர் வெளிய வராது" என்று கையில் அடித்துச் சொன்னவள்.

பின்பக்க மேடையில் காயத்ரி மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரஞ்சிதாவைக் கண்டதும் முகம் ஒரு கணம் செத்து, பிறகு சிரித்தது.

"இன்னா மேடம் இது? சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களே?"

"உன்கிட்ட கேட்டா வேணாம்னுதானே சொல்லுவ?" காயத்ரி குரலைத் தாழ்த்தினாள். "பேர் இல்லாம ஜனங்களுக்கு ஒட்டல, ரஞ்சிதா. வாராவாரம் அழுதுட்டுப் போறாங்க. உன் எழிலுக்காகத்தான் அழறாங்க. அப்புறம் பேசலாம், ப்ளீஸ்."

இவளைப் போய் அக்காவாக நினைத்தோமே.

கண்ணாடிக் கதவுகள் விலகின. உப்புக் காற்று, பாசி வாடை, அதற்கு அடியில் நாள்பட்ட கருவாட்டு டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு வீச்சம். வெளியே வானம் சாம்பல் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பேரும் ஹெட்செட் மாட்டியிருந்தார்கள். எப்போதும்போல முதலில் கூப்பிட வேண்டியவள் காயத்ரி. கடலைப் பார்த்துக் கையை விரித்து, ஒரு பெண்டாட்டி கூப்பிடுகிற குழைவோடு கூப்பிட்டாள்.

"எழிலு... வா!"

நாற்பது பேரும் கூப்பிட்டார்கள்.

அலைச் சத்தம் நின்றது. அலை வந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ரஞ்சிதா கையிலிருந்த ஹெட்செட்டைக் காதில் வைத்தாள். மூச்சு. மிக அருகில்.

"வந்துட்டேன்."

கூட்டம் சிலிர்த்துப்போய்ச் சிரித்தது. எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. பிரமாதமான ஏற்பாடு என்று யாரோ சொன்னார்கள்.

மணலில் ஒருவன் ஏறி வந்தான். ஊறிப் பெருத்த உடம்பு. இடது தோள் கொஞ்சம் சாய்ந்த நடை. அந்த நடையை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தான்.

படி ஏறினான். அவளை நோக்கி.

அவளைத் தாண்டிப் போனான். கை நீட்டினால் தொட்டிருக்கலாம்.

காயத்ரியின் பின்னால் நின்றான். இரண்டு கையாலும் அவள் இடுப்பை வளைத்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மோவாயைப் பதித்தான். ரஞ்சிதாவிடம் அவன் அப்படித்தான் நிற்பான். அவளிடம் மட்டும்.

வழக்கம், நப்பாசை, நாலு வருஷம், எல்லாவற்றையும் விட்டு அவள் கத்தினாள்.

"எழிலு! எழிலு, நான்தான்டா! இங்க பாரு!"

அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. கண் இருந்த இடத்தில் நண்டு தின்ற குழிகள். குழிகள் அவளை நோக்கின. பிறகு விலகின.

நாற்பது ஹெட்செட்டிலும் அவன் குரல்.

"காயத்ரி, அங்க யாரு கத்தறது?"

காயத்ரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பார்வையாளர்களுக்கு நன்றி சொல்ல. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. கடல்தண்ணீர் வந்தது. மோவாயில் வழிந்து, மார்பில் இறங்கி, நிற்காமல், குடம் குடமாக. அவள் தோளில் எழில் கன்னத்தைச் சாய்த்து அமைதியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே கை தட்டியது.