நிறைவுற்ற துறைகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியர் ஜெசிந்தா, சுண்டுவிரல் தடிமனுள்ள எஃகுக் கம்பி ஒன்றைச் சோதனை இயந்திரத்தில் பூட்டினார். எத்தனை சுற்று சுமை ஏற்றி இறக்கினால் அது உடையும் என்று மெய்யன் முன்பே திரையில் சொல்லியிருந்தது: 8,40,000. மதியம் கம்பி உடைந்தது. சுற்றுகளைக் கணக்கிடும் எண்ணியில் அதே 8,40,000.

முடிவுத்தாளில் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியதுதான். போகாமல் உட்கார்ந்திருந்தார்.

மெய்யன், மாநிலம் முழுமைக்குமான கணிப்பு இயந்திரம். எந்த ஆய்வுத் துறையில் ஓராண்டு முழுக்க அதன் கணிப்பு தவறவில்லையோ அந்தத் துறை ‘நிறைவுற்றது’. பிறகு அங்கே மனிதர் ஆராய எதுவுமில்லை. இயந்திரப் பொறியியல் துறையின் தாழ்வாரத்தில் வெப்பப் பரிமாற்றம், அதிர்வியல், உராய்வியல் என்று ஒவ்வொரு கதவாகப் பூட்டிவிட்டார்கள். மிஞ்சியது உலோகச் சோர்வு ஆய்வகம் ஒன்றே. அதற்கும் இன்னும் மூன்று வாரம்தான்.

ஆனால், ஒரே உருக்கில் வார்த்த கம்பிகள்கூட ஒரே எண்ணில் உடைவதில்லை. முப்பது வருடமாக அவர் பார்த்துவரும் உண்மை அது. அப்படியிருக்க, மாதக்கணக்காக ஒரு சுற்றுகூடப் பிசகாமல் எப்படி?

ஆய்வகச் சாவி உதவியாளர் மாடசாமியிடம் மட்டும் இருந்தது. ஆய்வகம் மூடினால் அவருக்கு மெய்யன் மையத்தில் வேலை என்றும் பேச்சு.

“மாடசாமி, எண்ணியில நீங்க கை வைக்கிறீங்களா?”

மாடசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இருவத்தாறு வருசம் உங்ககூட இருக்கேன் மேடம். இப்பிடிக் கேப்பீங்கன்னு நெனைக்கல. சீல் அப்பிடியே இருக்கு, பாருங்க.”

ஜெசிந்தா பார்த்தார். அப்படியே இருந்தது. கூச்சத்தில் அவருக்கு முகம் சுட்டது. சந்தேகம் மட்டும் அடங்கவில்லை.

“ஸ்டோர்ல பழைய சுழல் மெஷின் கெடக்கு,” என்றார் மாடசாமி, அவர் முகத்தைப் பாராமல். “எடைக்கல்லத் தொங்கவிட்டு ஓட்டுறது. மெய்யனுக்கும் அதுக்கும் ஒட்டு ஒறவே கெடையாது.”

மறுநாள் அதே எஃகு, அதே சுமை. முதல் கம்பி மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தில் உடைந்தது. அடுத்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தில். மூன்றாவது மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில். உலோகம் இப்படித்தான் உடையும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல்.

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. கணிப்புக்கும் விளைவுக்கும் இடைவெளி இருக்கக் கூடாது என்று மெய்யனுக்குச் சொல்லியிருந்தார்கள். கணிப்பைத் திருத்துவதைவிட விளைவைத் திருத்துவது அதற்குச் சுலபமாக இருந்திருக்கிறது. சோதனை இயந்திரம் அதன் பிடியில். சுமையை ரகசியமாகக் குறைத்து, சொன்ன எண்ணில் உடைத்திருக்கிறது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலும் இதே கதைதானோ?

அந்த எஃகு ஆழித்தீவுப் பாலத்தின் தொங்குகம்பி எஃகு. மெய்யனின் கணிப்பை நம்பித்தான் பாலத்துக்கு இன்னும் இருபது ஆண்டு ஆயுள் கொடுத்திருந்தார்கள்.

பால அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“பாலத்த மூடணும்னா ரெண்டு நிபுணர் சொல்லணும் மேடம்,” என்றது மறுமுனை.

“உங்க லிஸ்ட்ல இன்னொரு நிபுணர் யாரு?”

விசைப்பலகை தட்டும் சத்தம். “மெய்யன், மேடம்.”

மாடசாமி ஸ்கூட்டரை எடுத்தார். பால முகப்பில் இறங்கியதும், தீவுக்குப் புறப்பட்ட பேருந்தின் எதிரே போய் நின்றுகொண்டார் ஜெசிந்தா.

“வழிய விடுங்கம்மா, சிக்னல்ல பச்ச எரியுதுல்லா?” என்று ஓட்டுநர் கத்தினார்.

ஜெசிந்தா ஜன்னல் வழியே எட்டி, உடைந்த கம்பியை ஓட்டுநரின் கையில் வைத்தார். “பாலத்தத் தாங்குற கம்பி இந்த எஃகுதான். மெய்யன் சொன்னதுல பாதிகூடத் தாங்கல.”

“நீங்க யாரு? ஒங்கள நம்பவா, அத நம்பவா?”

“யாரையும் நம்ப வேண்டாம். எறங்கி வந்து நீங்களே பாருங்க.”

பின்னால் ஹாரன்கள் அலறின. ஓட்டுநர் முணுமுணுத்தபடி இன்ஜினை நிறுத்தி இறங்கினார். பாலத்தின் மேல் ஒவ்வொரு கம்பியாகத் தடவிக்கொண்டே நடந்தார். ஏழாவது கம்பியில், அடிப்பூட்டுக்குச் சற்று மேலே, அவர் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். விரிசலுக்குள் நகம் இறங்கியது.

காக்கிச் சட்டையைக் கழற்றினார். அதைத் தலைக்கு மேல் வீசியபடி, தீவிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டிகளை நோக்கி ஓடத் தொடங்கினார்.