மூன்றாம் பூச்சு

நேற்று ஒரு கையால் எடுத்துவைத்த விமானத்தை இன்று தூக்க ரோசம்மாளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அது ஒரு சாண் நீள மரப் பொம்மை. வானத்தைக் காவல் காக்கும் சிப்பாய்கள், எது நம்முடையது, எது எதிரியுடையது என்று வடிவம் பார்த்துப் பழகுவதற்குப் பட்டாளத்திலிருந்து படம் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். மாரண்டஹள்ளியில் அந்த வேலை அவள் கணவன் இன்னாசிக்குக் கிடைத்திருந்தது. அவன் முருக்க மரத்தில் செதுக்குவான். அவள் உப்புத்தாள் தேய்த்துக் கறுப்பு பூசுவாள். இந்த முறை படம் கொண்டுவந்த சேவகன் நஞ்சப்பன் சொல்லிவிட்டுப் போனான்: "இதுக்கு மூக்குல விசிறியே கெடையாதுங்க. ஜெட்டுன்னு பேராம். சத்தம் கேக்கறதுக்குள்ள தலைக்கு மேல வந்து நிக்குமாம்."

முருக்க மரம் நெட்டி மாதிரி லேசு. ஈரம் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயம் வரவில்லை. மூன்று வருடமாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. அடுப்பில் விரல் பட்டால்கூடத் தோல் கருகும் வாடைதான் முதலில் தெரியும்.

அன்று இரண்டாம் பூச்சு போட்டதும், டர்பன்டைன் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை கிளம்பி, அழுகிய மூங்கில் இலையும் மழைச்சேறும் எண்ணெய் காணாத குழந்தைத் தலையும் கலந்தாற்போல் மெல்ல மெல்லப் பரவி, சுவரோரம் அடுக்கிய பலகைகளையும் சோற்றுப் பானையையும் அவள் புடவையையும் பிடித்துக்கொண்டது. பொம்மையை வைத்ததும் மேசைக்கால் முனகியது.

"ஏங்க, இது கனக்குதுங்க."

இன்னாசி தலை தூக்கவில்லை. "பூச்சு ஏறினா கனக்காதா?"

அந்த வாசனையை அவனும் அறிவான். மூன்று வருடத்துக்கு முன் ரங்கூனில் குண்டு விழுந்தபோது, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து வந்தவர்கள் அவர்கள். இருபதாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். பிள்ளையை ஒரு மூங்கில் புதரடியில் இறக்கி வைத்தார்கள். அப்போது அதற்கு உயிர் இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு, அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் மத்தியானம் இன்னாசி மரம் வாங்கப் பாலக்கோடு போயிருந்தான். ரோசம்மாள் மூன்றாம் பூச்சை முடித்தாள். வாசல் வெயிலில் காயவைக்க வேண்டும். குனிந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். நாலடி வைப்பதற்குள் கை வழுக்கியது. தன்னையறியாமல் இடுப்பை ஒடித்து, அதில் ஏற்றிக்கொண்டாள்.

சரியாகப் பொருந்தியது.

இடுப்பில் சூடு தெரிந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அவள் தோலுக்குத் தெரிந்தது. நின்றாள். தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அது போன பிறகு, கழுத்தருகே மூச்சு. சின்ன மூச்சு. சளி கட்டிய மூச்சு.

வாசலை நிழல் மறைத்தது. தோளில் மரக்கட்டையோடு இன்னாசி.

"ரோசு."

"வெயில்ல வெக்கப் போறேனுங்க."

"எதை?"

"இந்தப் பிளேனைத்தான்."

அவன் தோளிலிருந்த கட்டை கீழே விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"பிளேனு மேசை மேல இருக்குது ரோசு. நீ என்னத்த இடுக்கிக்கிட்டு நிக்கற?"

தலையை மட்டும் திருப்பினாள். மேசைமேல் விமானம் இருந்தது. முழுக் கறுப்பு. பூச்சு காயாமல் மினுங்கியது. முதுகில் மட்டும் ஐந்து இடத்தில் கறுப்பு வழிக்கப்பட்டு, அடியில் வெள்ளை மரம் தெரிந்தது.

இடுப்பில் இருந்தது இன்னும் கனத்தது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. இன்னாசி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ரவிக்கைத் துணிமேல், ஈரக் கறுப்பாக, ஐந்து சிறு விரல்கள். ஒவ்வொன்றாக மடங்கி, இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.