முப்பது அம்பியர் வீடு

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, உட்துறைமுக வீதியில் சுஹைராவின் வீட்டு டிரிப் சுவிட்ச் மூன்றாம் தடவையாக விழுந்தது. சேதம்: டீப் ஃபிரீசருக்குள் இருந்த எட்டுக் கிலோ பாரை மீன். விழுந்ததைத் தூக்கினால் வயர் எரியும் என்று சுஹைரா ஒருவரையும் கிட்ட விடவில்லை. விடிந்தபோது மீன் தன் மரணத்தைத் தானே தெருவுக்கு அறிவித்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வந்திறங்கினார். அதிகாரி என்றால் சப்ரினா. கிண்ணியாவில் பௌதிகம் படிப்பிக்கிற டீச்சர், சுஹைராவின் புருஷன் ஸப்வானுக்குத் தங்கை. பரீட்சை மண்டபத்தில் செருப்புக்குள் மடித்துவைத்த பிட்டைக்கூடக் கண்டுபிடித்த கண் அது. அவளை அனுப்பியது தோஹாவில் இருந்த ஸப்வான். கரண்டைக் களவெடுத்து டிரிப்பை விழவைக்கிறவன் யார், படுக்கையறைக்கு ஏசி பூட்டினால் வீடு தாங்குமா என்று இரண்டும் அவனுக்குத் தெரியவேண்டும். தாங்குமென்றால், ஏசிக்குக் காசு சேர்க்க, ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. தாங்காதென்றால் ஊருக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். நானா என்று அவள் கூப்பிடும் அந்த அண்ணனின் முகத்தைக் கைப்பேசியை விடப் பெரிய அளவில் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று சப்ரினாவுக்கே மறந்துபோயிருந்தது.

டிரிப் பெட்டி குசினிக்குப் போகும் நடையில், ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. சப்ரினா கதிரை போட்டு ஏறினாள். பெட்டி முழுக்கத் தூசு. டிரிப்பைத் தூக்கும் பிடியும் அதன் கீழிருந்த சின்னப் பட்டனும் மட்டும் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் முப்பது அம்பியர் பிரேக்கர் தூசு போர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு இறங்கினாள்.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுச் சோமசேகரத்தின் மேல். வீட்டோடு வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தெருவில் எது இருண்டாலும் பழி அவருக்கு.

"நான் வெல்டிங் அடிச்சா என்ர வீட்டு லைட்டுத்தான் டீச்சர் கண் சிமிட்டும்," என்றார் அவர். "அதோட, வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டு. நான் கிளிவெட்டியில செத்தவீட்டில நிண்டனான். பிரேதத்தைக் கேட்டுப் பாருங்கோ."

இரண்டாமவர் சுஹைராவின் வாப்பா அபூதாஹிர். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் முன்னறையில் இருப்பவர். ஏசி என்ற சொல்லைக் கேட்டாலே முழங்காலைப் பிடிப்பார். குளிர் எலும்புக்குள் இறங்குமாம். குற்றத்துக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது, அந்த முழங்காலைத் தவிர. கதிரையில் ஏறுவது கிடக்கட்டும், கதிரையிலிருந்து எழும்பவே அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

சப்ரினா தோஹாவுக்கு அழைத்தாள். டிரிப் விழுந்த மூன்று தடவையும் ஸப்வான் சுஹைராவோடு வீடியோவில்தான் இருந்திருக்கிறான். மூன்று தடவையும் ஏசியைப் பற்றித்தான் கதைத்திருக்கிறான்.

"லைட் போன நேரம் மதினி எங்க?"

"குசினிக்குப் போனவ. அடுப்பில பால் பொங்குது எண்டு."

"மூண்டு தரமும் பாலா?"

"ஓம். ஏன் கேக்கிற?"

சும்மா, என்று சப்ரினா வைத்துவிட்டாள்.

பிறகு கணக்கு. ஸப்வான் தோஹாவிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு சாமானையும் திருப்பி முதுகில் எழுதியிருந்த வாட்டை வாசித்தாள். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், தண்ணி மோட்டார், அயன், ஃபிரிஜ், டீப் ஃபிரீசர். சுஹைரா பின்னாலேயே வந்தாள். சப்ரினா கேட்டது வாட். சுஹைரா சொன்னது வருடம். இது கொரோனாவுக்கு முந்தின நோன்பு மாதம் வந்தது, இது அடுத்த ஹஜ்ஜுக்கு வந்தது என்று, பிள்ளைகளின் பிறப்பைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை.

கூட்டினால் நாலாயிரத்து அறுநூறு வாட். இருநூற்று முப்பதால் பிரித்தால் இருபது அம்பியர். ஏசிக்கு இன்னும் ஐந்தோ ஆறோ. முப்பதுக்குள் அடங்கும். கணக்கை நம்பாமல் சப்ரினா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாள். வீடு உறுமியது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்துவிட்டதா என்று அபூதாஹிர் முன்னறையிலிருந்து கேட்டார். கால் மணித்தியாலம் அப்படியே விட்டாள். டிரிப் அசையவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நடையில் வந்து நின்றாள். சுஹைரா சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"மதினி, லோட் கூடினா டிரிப் விழுறதில்ல. லோடுக்கு விழுறது பக்கத்தில இருக்கிற பிரேக்கர். அது ஒருநாளும் விழல்ல, தூசு அப்பிடியே கிடக்கு. டிரிப் விழுறது கரண்ட் எங்கயாவது கசிஞ்சா மட்டும். இப்ப எல்லாத்தையும் போட்டும் கசியல்ல."

சுஹைராவின் கண் பெட்டிக்குப் போய்த் திரும்பியது.

"இன்னொரு விதத்திலயும் விழும். கீழ இருக்கிறது டெஸ்ட் பட்டன். மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாக்கச் சொல்லி எழுதியிருக்கு. இந்த நாட்டில ஒருத்தரும் அமத்தினதில்ல. பெட்டியெல்லாம் தூசு, அந்தப் பட்டனில மட்டும் இல்ல. வாப்பாவுக்குக் கதிரையில ஏற ஏலாது. மிச்சம் நீங்க மட்டும்தான்."

"மீன் பாவம்," என்றாள் சுஹைரா. பிறகு, "ஃபிரிஜ் வந்த வருசம் அவர் வரல்ல மச்சி. மெஷின் வந்த வருசமும் வரல்ல. ஒவ்வொரு பெட்டியும் வரக்குள்ள நான் வாசலில நிண்டு பாத்தனான், பின்னால ஆளும் இறங்குமாக்கும் எண்டு. வீடு நிறைஞ்சிட்டு எண்டு சொன்னாலாவது வெளிநாட்டை விடுவார் எண்டுதான்."

சப்ரினாவின் கையில் கைப்பேசி அதிர்ந்தது. ஸப்வான்.

அவளுக்கு ஒரு பொய் போதும்: தாங்காது நானா, வாங்க. நாக்கு நுனிவரை வந்தது. அவளும் அதைத்தானே விரும்பினாள். ஆனால் பொய்யை நம்பி வருகிறவன், உண்மை தெரிந்ததும் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான்.

"வீடு தாங்கும் நானா. கள்ளனும் இல்ல. மிச்சத்தை மதினி சொல்லுவா," என்று கைப்பேசியை நீட்டினாள்.

சுஹைரா வாங்கினாள். "டிரிப் பட்டனை நான்தான் அமத்தினனான்," என்றாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. பின்னணியில் பெரிய ஏசி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பிறகு ஸப்வான், அந்த ஏசி அறையில் ஆறு பேர் படுப்பதையும், ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் குளிரில் தனக்கு ஒழுங்கான நித்திரை வராததையும் சொன்னான். ஏசி இருந்தால் அவளாவது நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தானாம்.

"சரி," என்றான் கடைசியில். "கையெழுத்துப் போடல்ல. வரக்குள்ள என்ன கொண்டு வர?"

"ஒண்டும் வேணாம். சப்ரினா கணக்குப் பாத்தவ, இன்னும் பத்து அம்பியர் மிச்சம் கிடக்காம். உங்களுக்கு இருக்க அது காணுமா?"