பிடுங்கிய வயர்

காலை 10.10. பெரியவரின் ஹெட்செட்டைக் காணவில்லை. காது மந்தமான அவர் டிவி கேட்பதற்கென்றே ஒரு மாதம் முன்பு வாங்கியது.

அதைப் பொருத்திக் கொடுத்த காது மெஷின் கடை மெக்கானிக் வந்தபோது, வேலைக்காரப் பெண்ணின் கைப்பை கூடத்தில் கொட்டிக் கிடந்தது. கொட்டியவர் பெரியவரின் மகன்.

"பதினோரு மணி வரைக்கும் டைம். அப்புறம் போலீஸ்தான்," என்றார் மகன் அவளிடம். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "புகார்ல எழுதணும், நீங்க மாடல் நம்பரை மட்டும் சொல்லுங்க."

அவள் அழவில்லை. ஸ்டேஷன் படி ஏறிவிட்டால் அப்புறம் எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது என்று மட்டும் சொன்னாள். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆளில்லை அவர். டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஹெட்செட்டுக்குச் சத்தம் அனுப்பும் பெட்டி அப்படியே இருந்தது. அதன் வயர் மட்டும் டிவியிலிருந்து பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

10.25.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" மெக்கானிக் பெரியவரின் காதருகே கத்தினார்.

"நேத்து மத்தியானம். கழட்டி வெச்சுட்டுத் தூங்கிட்டேன்."

"அப்ப இங்க யாரு?"

"நான் டிவி பாத்துட்டிருந்தேன். இவ துணி மடிச்சிட்டிருந்தா," என்றார் பெரியவரின் மனைவி.

மெக்கானிக் சத்தம் வராமல் டிவியைப் போட்டார்.

"நேத்து பாத்த சீரியல் இதுதானேம்மா?"

"இதேதான்."

திரையில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

10.40.

"விக்கறதுக்கு எடுத்தவங்க பெட்டியையும் எடுத்திருப்பாங்க. அது இல்லாம ஹெட்செட் எதுக்கும் ஆகாது," என்றார் மெக்கானிக். "வயரைப் பிடுங்கினா டிவிக்குச் சத்தம் திரும்பி வரும். சத்தம் யாருக்கு வேணுமோ அவங்கதான் எடுத்தது. ஹெட்செட் இருந்தா வயரை மறுபடி சொருகிடுவோம்னு. அம்மாவுக்குக் கண்ணு தெரியலை, டிவியைக் காதாலதான் பாக்கறாங்க."

மகன் டிவியையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாதித் தப்பு என்னோடது," என்றார் மெக்கானிக். " வயரைச் சொருகினா டிவி ஸ்பீக்கர் நின்னுபோற ஓட்டையில சொருகினது நான்தான். வீட்ல வேற யாருக்காவது சத்தம் வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

அம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய், தலையணை உறைக்குள்ளிருந்த ஹெட்செட்டை எடுத்து வந்தார்.

"கண்ணு போச்சுன்னு சொன்னா அடுப்புப் பக்கமே விடமாட்டீங்க. அதான் சொல்லலை." பிறகு அந்தப் பெண் நின்ற பக்கம் திரும்பினார். "உன்மேல பழி வந்தப்பவும் வாயைத் திறக்காம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

மகன் குனிந்து பைச் சாமான்களைப் பொறுக்கினார். "வைங்க. நானே எடுத்துக்கறேன்," என்றாள் அவள்.

பெரியவருக்கு எதுவும் கேட்கவில்லை. மனைவி அவர் காதில் வாய் வைத்து, தனக்குக் கண் தெரியாததைச் சொன்னார்.

"தெரியலையா?" என்றார் பெரியவர். "டிவி பாத்து நான் சிரிச்சப்பல்லாம் நீயும் சிரிச்சியே?"

"நீங்க சிரிக்கறது மட்டும்தானே எனக்குக் கேட்டுது."